பப்ளிக்கா பிரைவேட்டா

காலை பத்தே காலுக்கு எங்கள் விடுதிக்கு மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவன் பெயர் நவநீதன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நான் ஏன் உன் தோளைத் தொட்டேன் என்று உனக்குப் புரியும். தப்பாக எடுத்துக்கொள்ளாதே அம்மா. நீ லேப்டாப்பைத் திறந்தாய், போனிலிருந்து நெட் எடுத்தாய், உடனே அது ஒரு கேள்வி கேட்டது. இந்த நெட்வொர்க் பப்ளிக்கா, பிரைவேட்டா என்று. நீ படித்துக்கூடப் பார்க்காமல் பப்ளிக் என்று தட்டிவிட்டாய். அதைப் பக்கத்து சீட்டில் இருந்து பார்த்துவிட்டுத்தான் தொட்டேன்.

மாற்றிவிடு. இப்போதே மாற்றிவிடு. சரி, உன் இஷ்டம், கேட்டுவிட்டு மாற்று. ரயில் நாகர்கோவில் போய்ச் சேர நேரம் இருக்கிறது.

என் பெயர் ஜெபக்கனி. பிறந்தது நாசரேத் பக்கம். கோயம்புத்தூரில் வேலைக்குப் போகிற பெண்கள் தங்குகிற விடுதி ஒன்றில் வார்டனாக இருக்கிறேன். முப்பது பிள்ளைகள் இருப்பார்கள். எங்கள் விடுதியை ஜெயில் என்று வெளியே சொல்வார்கள். சொல்லட்டும். மதில்மேல் கண்ணாடிச் சில்லு, அதற்கு மேல் முள்கம்பி. கேட், கேட்டைத் தாண்டினால் கிரில், கிரில்லுக்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி என் இடுப்பில். பெற்ற அப்பாவாக இருந்தாலும் வரவேற்பறையோடு சரி. அங்கேயே உட்கார்ந்து, அங்கேயே பார்த்து, அங்கேயிருந்தே போகணும். ஒரு பிள்ளைக்கு ஒன்று ஆனால் நான்தானே பதில் சொல்லணும்?

விடுதியில் முதலில் தொலைகிற சாமான் என்ன தெரியுமா? பக்கெட். அதனால் வந்த அன்றைக்கே பக்கெட்டிலும் மக்கிலும் பெயரையும் ரூம் நம்பரையும் எழுத வைப்பேன். நகப்பூச்சில்தான் எழுதணும், அதுதான் அழியாது. அதே சட்டம்தான் லேப்டாப்புக்கும். லேப்டாப்புக்கு உள்ளே ஒரு பெயர் இருக்கும், உன்னுடையதிலும் இருக்கும். கடையிலிருந்து வரும்போது எழுத்தும் எண்ணுமாக அர்த்தமில்லாமல் எதுவோ இருக்கும். அதை எடுத்துவிட்டுச் சொந்தப் பெயரும் ரூம் நம்பரும் போட வைப்பேன். யார் ராத்திரி முழுக்க சினிமா பார்த்து நெட்டைக் காலி பண்ணுகிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டாமா?

அதோடு இன்னொரு சட்டம், பிரைவேட். முதல் நாள் என் மேஜையில் வைத்து லேப்டாப்பைத் திறக்கணும். வைஃபையில் சேர்ந்ததும் அது பப்ளிக்கா பிரைவேட்டா என்று கேட்கும், நான் என் கையாலேயே பிரைவேட் போடுவேன். அப்புறம்தான் ரூம் சாவி. பிள்ளைகளுக்குச் சிரிப்பு. "ஆன்ட்டி, ஸ்கேனிங் முடிஞ்சுதா, ஃபிளைட் ஏறலாமா?" என்பார்கள். எல்லாம் வாய்.

ஏன் பிரைவேட் என்று கேட்கிறாயா? பப்ளிக் என்றால் என்ன? பப்ளிக் டாய்லெட். பப்ளிக் பார்க். ரோட்டில் ஒரு பையனோடு நின்று பேசினால், பப்ளிக்காக என்ன பேச்சு என்று திட்டுகிறோமா இல்லையா? பெண்பிள்ளைகள் இருக்கிற இடத்தில் பப்ளிக்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அதுவும் நானாகச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரே சொன்னது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் போட்டபோது ஃபயர்வால் என்று ஒரு பெட்டி வந்தது. உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். பிரைவேட் என்ற இடத்தில் வீடு, ஆபீஸ் என்று போட்டிருந்தது. பப்ளிக் என்ற இடத்தில் விமான நிலையம், காபிக்கடை, பாதுகாப்பு குறைவு, நாங்கள் பரிந்துரைப்பதில்லை என்று போட்டிருந்தது. செய்தவனே சொல்கிறான், வேண்டாம் என்று. அப்புறம் என்ன?

பதினாலாம் நம்பர் ரூமில் ஷம்ஷாத் என்று ஒரு பிள்ளை. மேலப்பாளையத்துக்காரி. ஏதோ சர்வர் கம்பெனியில் வேலை. அவள்தான் ஆரம்பத்திலிருந்தே தகராறு. ஒரு நாள் மெஸ்ஸில் எல்லார் முன்னாலும் வைத்துச் சொன்னாள்.

"ஆன்ட்டி, அது அந்த அர்த்தம் இல்ல. பிரைவேட்னா, இந்த வைஃபைல இருக்கிற எல்லாரும் நம்ம ஆளுங்க, கதவைத் திறந்து வைன்னு அர்த்தம். பப்ளிக்னா, சுத்தி யாரு இருக்கான்னு தெரியாது, சத்தம் காட்டாம ஒளிஞ்சு நில்லுன்னு அர்த்தம். நாம ஒண்ணும் பண்ணாம வந்தபடியே விட்டாலே அது ஒளிஞ்சுதான் நிக்கும். அப்படியே விட்டுருங்களேன்."

"ஏட்டி, பப்ளிக்ல போய் ஒளிஞ்சு நிக்கவா? பஸ் ஸ்டாண்டுல நின்னு துணி மாத்துன்னு சொல்லுவ போலிருக்கே."

மெஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்தாள். "ஃபயர்வால்னா நெருப்புச் சுவர் ஆன்ட்டி. நீங்க சுவர்ல ஜன்னல் வைக்கிறீங்க" என்றாள். நான் கண்ணாடிச் சில்லு பதித்த சுவரைக் காட்டி, "இதை விடவா உன் நெருப்புச் சுவர்?" என்றேன். அதோடு முடிந்தது பேச்சு.

கோகிலவாணி அந்த ஷம்ஷாத்தின் ரூமுக்குத்தான் வந்தாள். தாராபுரம் பக்கம். இருபத்திரண்டு வயசு, ஒல்லி, பேசினால் காது கொடுத்துக் கேட்கணும். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்து ஒவ்வொரு நோய்க்கும் கம்ப்யூட்டரில் கோட் நம்பர் போடுகிற வேலை இருக்கிறதே, அதில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். பகலில் பாதி நாள் ரூமில் இருந்தே படிப்பு, பயிற்சி. வந்ததும் வழக்கம்போல லேப்டாப்பில் பெயர் போட்டேன், கோகிலவாணி பதினாலு என்று. பிரைவேட் போட்டேன். பக்கெட்டில் எழுத வைத்தேன். எல்லாம் முடிந்து சாயங்காலம் என் அறைக்கு வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, என்னைத் தேடி அண்ணன் வந்தா, இல்லைன்னு சொல்லுவீங்களா?"

மாமன் வீட்டில் பேசி முடித்திருந்தார்களாம். மாப்பிள்ளைக்கு இவளைவிட பதினேழு வயசு கூட. முதல் தாரம் கிணற்றில் விழுந்து செத்தவள். விழுந்தாளா, விழுந்ததாகச் சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. கோகிலவாணிக்கும் தெரியாது. அதுதான் அவளுக்குப் பயம். சர்ட்டிபிகேட்டையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

நான் ஒன்று சொல்கிறேன் அம்மா, நான் நல்லவள், கெட்டவள், எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள். அன்றைக்கு அவள் கையைப் பிடித்து, "என் உசுரு போனாலும் சொல்ல மாட்டேன்" என்றேன். மனசாரச் சொன்னேன். மறுநாளே அவள் பெயரை மாற்றினேன். மெர்சி. மெஸ்ஸில் மெர்சி, பாத்ரூம் வாசலில் மெர்சி. பக்கெட்டில் இருந்த பெயரை நானே சுரண்டி எடுத்துவிட்டு மெர்சி என்று எழுதினேன். வாட்ச்மேனுக்குக்கூட அவளை மெர்சி என்றுதான் தெரியும். லேப்டாப்பில் இருந்த பெயரை மட்டும் விட்டுவிட்டேன். அது ரூமுக்குள் இருக்கிற சாமான். பூட்டுக்குள் இருக்கிறது, பிரைவேட்டாக வேறு இருக்கிறது. அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

இது கரூரா? கரூர்தான். அந்த ஆள் ஏறுகிறானே, கறுப்புப் பை, அவனைக் கொஞ்சம் பார். போய்விட்டானா? அந்தப் பக்கம் போய்விட்டானா? சரி. ஒன்றுமில்லை. லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு யார் வந்தாலும் எனக்கு இப்போது இப்படித்தான்.

ஜூன் மாதம். மூன்று பேர் என்று சொன்னேனே. கோகிலவாணியின் அண்ணன் நவநீதன், அவர்களுடைய பெரியம்மா, ஒரு டிரைவர். டிரைவர் கேட்டுக்கு வெளியே கார்மேல் சாய்ந்து நின்றான். அவர்கள் இரண்டு பேரும் வரவேற்பறைக்கு வந்தார்கள். நான் ரவுடி மாதிரி ஒருத்தனை நினைத்து வைத்திருந்தேன். மீசையும் செயினுமாக. வந்தவன் இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு, செருப்பை வாசலில் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வருகிறான்.

"வணக்கமுங்க அக்கா. இந்தப் புள்ள இங்க இருக்குதுங்களா?"

போனில் படம். கோகிலவாணி பட்டுப்பாவாடையில் நிற்கிறாள், பத்தாம் வகுப்பு படிக்கும்போது எடுத்ததாக இருக்கும்.

நான் வாங்கிப் பார்த்தேன். கண்ணாடியைப் போட்டு நன்றாகப் பார்த்தேன். "இப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்ததே இல்லையே தம்பி" என்றேன். என் குரல் நடுங்கவில்லை. அதை நினைத்து எனக்கே ஆச்சரியம்.

"சரிங்க்கா" என்றான். அவ்வளவுதான். மறு கேள்வி இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெரியம்மா தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். கோயம்புத்தூர்த் தண்ணிக்கு ஈடே இல்லை என்றாள். ஆமாம் என்றேன். போனால் போதும் என்று இருந்தது எனக்கு.

"அக்கா, இங்க டவரே கிடைக்கலீங்க. கடைக்கு ஒரு பில்லு அனுப்போணும். வைஃபை போட்டுக்கலாமுங்களா?"

திருப்பூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறானாம். அதெல்லாம் பின்னால் தெரிந்தது. கேட்ட உதவியை மறுத்தால் சந்தேகம் வருமே என்று எனக்கு. நம்பி எழுந்து போகப் போகிறவனை ஏன் முறைத்துக்கொள்ள வேண்டும்? "பாஸ்வேர்டு வெளி போர்டுல இருக்கே தம்பி, விடுதியோட போன் நம்பர்தான்" என்றேன். அவன் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்தான். பெரியம்மா என்னிடம் மெஸ்ஸில் என்ன சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை கறி உண்டா என்று கேட்டாள். நான் சொல்லிக்கொண்டிருந்தேன். கோழி என்றேன், எக்ஸ்ட்ரா பீஸ் கிடையாது என்றேன்.

அவன் தட்டுகிற சத்தம் நின்றது.

லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். மெதுவாக, எதையோ கொட்டிவிடாமல் திருப்புகிற மாதிரி.

திரையில் பெயர்கள். என் பிள்ளைகளின் பெயர்கள். லாவண்யா மூணு, ஜெனிஃபர் ஆறு, ஷம்ஷாத் பதினாலு. ஒவ்வொரு பெயருக்கும் மேலே குட்டிக் கம்ப்யூட்டர் படம். உண்மையைச் சொல்கிறேன், பார்த்த உடனே எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது, பள்ளிக்கூட வருகைப் பதிவு மாதிரி. அடுத்த நொடிதான் மற்றது கண்ணில் பட்டது. கோகிலவாணி பதினாலு.

"பதினாலு மேல்மாடிங்களா அக்கா?"

குரலை உயர்த்தவே இல்லை அம்மா. கடையில் விலை கேட்கிற மாதிரி கேட்டான். என் கை தானாக இடுப்புக்குப் போய்ச் சாவியைப் பிடித்துக்கொண்டது. அதையும் அவன் பார்த்தான்.

பெரியம்மா எழுந்து கிரில்லுக்குப் போனாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியைப் பார்த்து, "கோகிலா, கண்ணு, பெரியம்மா வந்திருக்கேன் பாரு சாமி, இறங்கி வா" என்று கூப்பிட்டாள். குரலில் அவ்வளவு பாசம். அந்தப் பாசத்தைக் கேட்டுத்தான் எனக்குப் பயம் வந்தது. மேலே ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

நான் ஓடிப்போய்க் கிரில்லுக்கு முதுகைக் கொடுத்து நின்றேன். "போலீஸைக் கூப்பிடுவேன்" என்றேன்.

"கூப்பிடுங்கக்கா. நாங்க சத்தம் போட மாட்டோமுங்க. உட்கார்ந்திருக்கோம்." உட்கார்ந்துகொண்டே இருந்தான். "இத்தனை நாளா ஊரூரா அலைஞ்சோமுங்க. கம்பெனி பேரு தெரியும், எந்த ஊரு ஆபீஸுன்னுதான் தெரியல. கோயமுத்தூர், திருச்சி, மெட்ராஸ், மூணு ஊர்ல இருக்குது அவங்களுக்கு. லேடீஸ் ஹாஸ்டல் ஒண்ணு விடாம போய்க் கேட்டா எல்லாரும் இல்லைன்னுதான் சொல்றாங்க. உங்களை மாதிரியேதான் சொல்றாங்க. அதனால கேக்கறதோட விடறதில்லீங்க." பிறகு கேட்டான், "உங்களுக்குக் குழந்தைங்க எத்தனைங்கக்கா?"

யாராவது இப்படிக் கேட்டால் நாம் என்ன செய்வோம்? பதில் சொல்வோம். பழக்கம். "ஒரே மகள். நாகர்கோவில்ல டீச்சர்" என்றேன். எந்தப் பள்ளிக்கூடம் என்றான். அதையும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கே உறைத்தது. அவன் தலையை ஆட்டிக்கொண்டான். "நல்ல ஊருங்க" என்றான். இன்றுவரைக்கும் என் மகளுக்குப் போன் போட்டு அவள் எடுக்க நேரமானால் எனக்கு அந்தத் தலையாட்டல்தான் கண்முன்னால் வருகிறது. இப்போது அங்கேதான் போகிறேன். அவள் வீட்டுக் கம்ப்யூட்டரை என் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிடணும். அதற்காகவே லீவு போட்டேன்.

பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் போட்டது ஷம்ஷாத். மேலே ரூமுக்குள் கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு அவள்தான் போட்டிருக்கிறாள். பெண் போலீஸ் இரண்டு பேர் வந்தார்கள், நல்லவர்கள். மேலே போய்க் கோகிலவாணியிடம் பேசினார்கள். போக மாட்டேன் என்றாள். மேஜர் பெண், அவள் இஷ்டம், கிளம்புங்கள் என்று இவர்களிடம் சொன்னார்கள். நவநீதன் லேப்டாப்பை மூடினான், பையில் வைத்தான், செருப்பைப் போட்டான். படியில் இறங்கித் திரும்பிப் பார்த்தான்.

"வர்றோமுங்க அக்கா."

எல்லாரும் சொல்கிறதுதான். வீட்டுக்கு வந்தவர்கள் போகிறேன் என்றா சொல்வார்கள்? நீ சொல்வாய், நான் சொல்வேன், பால்காரர் சொல்வார். ஆனால் அன்றைக்கு, திரும்பவும் வருவேன் என்று அவன் சொன்னதாகத்தான் எனக்குக் கேட்டது. "வாங்க" என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லாமல் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அன்றைக்குப் பிற்பகல் ஷம்ஷாத் என் அறைக்கு வந்தாள்.

"ஆன்ட்டி, இப்பவாவது கேளுங்க. பிரைவேட்னு போட்டதாலதான் அவன் லிஸ்ட்ல பேரு வந்துச்சு. பப்ளிக்கா இருந்திருந்தா அவன் இங்க நாள் பூரா உட்கார்ந்தாலும் ஒரு பேரும் தெரிஞ்சிருக்காது. எல்லாருதையும் மாத்திருவோம். பேரையும் எடுத்துருவோம்."

"அவன் கம்ப்யூட்டர் கடைக்காரன் ஏட்டி. திருடனுக்குத் திறக்காத பூட்டு உண்டா? உள்ள பூந்து எடுத்துட்டான்."

"உள்ள பூரவே இல்ல ஆன்ட்டி. வாசல்ல போர்டு மாட்டி வச்சிருந்தோம், அவன் படிச்சுட்டுப் போனான்."

"நெருக்கடி நேரத்துல என்னைக் குத்தம் சொல்ல வந்துட்டியா?" என்றேன். சொன்னதும் அவள் போய்விட்டாள். சின்னப் பிள்ளை. பயத்தில் என்னென்னவோ பேசுகிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

இனி அவளை அங்கே வைத்திருக்க முடியாது. எதிர்ச் சாரியில் அந்தக் கார் இரண்டு தடவை வந்து நின்றது. ஒன்றும் செய்யாது. நிற்கும், போகும். மெஸ்ஸுக்குக் காய்கறி கொண்டுவருகிற வேன் ஹாரன் அடித்தால்கூட கோகிலவாணி தட்டைக் கீழே போட்டுவிடுவாள். சோறு இறங்குவதில்லை. நான் என் சித்தி மகள் எஸ்தருக்குப் போன் போட்டேன். திருச்சியில் என்னைப் போலவே வார்டன். கோகிலவாணி கம்பெனியில் கேட்டுத் திருச்சிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். வேலையை விடு என்று எப்படிச் சொல்வேன்? அந்தச் சம்பளம்தான் அவளுக்குக் கால்.

புறப்படுகிற அன்றைக்கு, எதற்கும் பார்ப்போம் என்று அவள் லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன்.

பப்ளிக்.

அம்மா, பப்ளிக் என்று இருக்கிறது. பெயர் இருந்த இடத்தில் அவள் பெயர் இல்லை, தலையும் காலும் இல்லாத எழுத்தும் எண்ணுமாக இருக்கிறது. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. நான் போட்ட பிரைவேட்டை யாரோ எடுத்திருக்கிறார்கள். பப்ளிக்காகக் கிடந்ததால்தான் அவன் பார்த்திருக்கிறான்!

"யாருட்டி இதை மாத்தினது?"

ஷம்ஷாத் முன்னால் வந்தாள். "நான்தான். அவங்க வந்துட்டுப் போன பிறகு மாத்தினேன்."

"பிறகா, முன்னாடியா?"

"பிறகு ஆன்ட்டி. சத்தியமா பிறகு."

நான் நம்பவில்லை. அவள் அழுதாள். அழட்டும். இத்தனை பாடும் யாரால் வந்தது? கோகிலவாணி என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். யார் சொல்வதைக் கேட்பது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. அவளுக்கு ஒளிய இடம் கொடுத்தவள் நான். கிரில்லில் முதுகைக் கொடுத்து நின்றவள் நான். கடைசியில் என் பக்கம்தான் வந்து நின்றாள்.

நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரி செய்தேன். பிரைவேட் போட்டேன். பெயரைப் பார்த்தேன். மெர்சி என்று போடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு அவளிடம் சொன்னேன், "திருச்சில போயாவது சொந்தப் பேர்ல இரு. நீ என்ன தப்பு பண்ணினே, அடுத்தவ பேர்ல ஒளியறதுக்கு?" என்று. கோகிலவாணி என்று போட்டேன். அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். என் விடுதியில் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

எஸ்தருக்கும் போன் போட்டுச் சொன்னேன். பிள்ளை வந்ததும் முதல் வேலை, உன் வைஃபையில் சேரும்போது பப்ளிக்கா பிரைவேட்டா என்று கேட்கும், பிரைவேட் போட்டுவிடு, புது இடத்தில் அது தானாகப் பப்ளிக்காகத்தான் நிற்கும், ஜாக்கிரதை என்று. ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னேன். எஸ்தர் என் பேச்சைத் தட்டமாட்டாள். அவளுக்கு மட்டும் இல்லை, இங்கே இருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டேன் அக்கா என்றாள். நாலைந்து வாரம் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

நீ ஏன் என்னை அப்படிப் பார்க்கிறாய்? ஷம்ஷாத்தும் கடைசியில் இப்படித்தான் பார்த்தாள். விடுதியைக் காலி பண்ணிவிட்டுப் போகும்போது, "ஆன்ட்டி, திருச்சி வார்டன்கிட்ட மட்டுமாவது மாத்தச் சொல்லுங்க, கால்ல வேணா விழறேன்" என்றாள். நம்பர் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் அங்கேயும் பப்ளிக் போட்டுவிடுவாளே.

பாதுகாப்பு என்று ஒன்று இருந்தால் அதை முழுக்கச் செய்யணும் அம்மா, அரைகுறையாக விடக்கூடாது. அதனால்தான் சொல்கிறேன். உன் லேப்டாப்பை இப்படிக் கொடு, நானே மாற்றித் தருகிறேன். வேண்டாமா? மூடிவிட்டாயா? சரி. மூடியிருந்தால் பயமில்லை.

எஸ்தர் இப்போதெல்லாம் போனில் அழுகிறாள். நீங்கள் சொன்னபடி எல்லாம் பிரைவேட்டாகத்தான் இருந்தது அக்கா என்கிறாள். பிறகு எப்படி? எனக்கும் புரியவில்லை. யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், புரியவே இல்லை.

ஆகஸ்ட் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, எஸ்தர் ஆராதனைக்குக் கோவிலுக்குப் போயிருந்தபோது, தங்கைக்கு ரூம் வேண்டும் என்று நவநீதன் அங்கே வந்தான். வைஃபை கேட்டு வாங்கி வரவேற்பறையில் லேப்டாப்போடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். எஸ்தர் திரும்பி வந்தபோது கோகிலவாணியின் ரூம் காலியாக இருந்தது. செப்டம்பர் நான்காம் தேதி, வியாழக்கிழமை, தாராபுரத்தில் கோகிலவாணிக்குக் கல்யாணம் நடந்தது.